ரத்தத்தில் ஒரு எண், அதற்குள் இரண்டு கேள்வி: கல்லீரல் புற்றுநோயும் ரத்தக்குழாய்ப் புரதங்களும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுத்தது)

இன்னைக்குக் கதை ஒரு புரதத்தைப் பற்றியது. பேர் விஇஜிஎஃப். உடம்பில் ஒரு இடத்துக்குப் புது ரத்தக்குழாய் வேணும்னா, அந்த இடம் அனுப்புற தகவல் இது. காயம் ஆறும்போது வரும், கரு வளரும்போது வரும். புற்றுநோய்க் கட்டியும் இதே தகவலை அனுப்பித் தனக்கு ரத்தம் வரவழைத்துக்கொள்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தப் புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்குன்னு அளந்து பார்த்தா, நோயாளியோட நிலைமையைச் சொல்லிட முடியுமா?

இதுக்குள்ள உண்மையில் ரெண்டு கேள்வி இருக்கு. நோய் எப்படிப் போகும் என்பது ஒண்ணு. எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்பது இன்னொண்ணு. காதுக்கு ரெண்டும் ஒரே கேள்வி மாதிரிதான் விழும். ஆனா ரெண்டும் வேற வேற. கல்லீரல் புற்றுநோயில் அது எவ்வளவு வேறன்னு புரியறதுக்குப் பல ஆயிரம் நோயாளிகளும் பல வருஷங்களும் தேவைப்பட்டது. அந்த வரலாறுதான் இந்த எபிசோட்.

முதலிலேயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. கோடு எழுதிச் சம்பாதிக்கிற ஆள். சிகிச்சை முடிவெல்லாம் உங்க டாக்டரோடதான்.

முயலின் தைராய்டில் நின்றுபோன கட்டி

1960களின் தொடக்கம். ஜூடா ஃபோக்மேன் என்ற இளம் அறுவை சிகிச்சை மருத்துவர் அமெரிக்கக் கடற்படையில், பெதஸ்தா மருத்துவ மையத்தில் வேலை பார்க்கிறார். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பல்களில் ரத்தத்தைச் சேமித்து வைப்பது கஷ்டம். அதற்கு ஒரு மாற்றுத் திரவம் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அவருக்கும் ஃப்ரெடெரிக் பெக்கருக்கும் கொடுக்கப்பட்ட வேலை.

திரவம் வேலை செய்கிறதா என்று பார்க்க, முயலின் தைராய்டு சுரப்பியை வெளியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதன் குழாய்கள் வழியாக அந்தத் திரவத்தை ஓட்டி உயிரோடு வைத்தார்கள். அப்புறம் அதில் புற்றுநோய் செல்களை வைத்தார்கள். அவை வளர்ந்தன. ஆனால் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வந்ததும் நின்றுவிட்டன. சாகவில்லை, வளரவும் இல்லை. அதே செல்களை எடுத்து எலிக்குள் வைத்தால் மளமளவென்று பெரிய கட்டியாகிவிட்டன.

என்ன வித்தியாசம்? கண்ணாடிக் கலத்தில் இருந்த சுரப்பியில் புது ரத்தக்குழாய் முளைக்கவில்லை. எலிக்குள் முளைத்தது. அவ்வளவுதான்.

ஃபோக்மேன் இதை விடவில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போன பிறகு, 1971-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் தன் கருத்தை எழுதினார். கட்டி ஏதோ ஒரு பொருளை வெளியே விட்டுத்தான் ரத்தக்குழாயை வரவழைக்கிறது. அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும். அன்றைக்கு இதை நம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தப் பொருள் எது என்று காட்ட அவர் கையில் எதுவும் இல்லை.

கினிப்பன்றியின் வயிற்று நீர்

அந்தப் பொருள் கிடைத்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அதே பாஸ்டன், அதே ஹார்வர்டு வட்டாரம். பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹரால்ட் டுவோராக் ஆய்வகம். அவர்கள் புது ரத்தக்குழாயைத் தேடவே இல்லை. கட்டியைச் சுற்றியிருக்கும் ரத்தக்குழாய் ஏன் ஒழுகுகிறது, வயிற்றில் ஏன் நீர் கோத்துக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்கு அவர்கள் வைத்திருந்தது கினிப்பன்றியின் கல்லீரல் புற்றுநோய் செல்கள்.

1983-ல் டொனால்ட் செங்கரும் டுவோராக்கும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: இந்தக் கட்டி செல்கள் ஒரு புரதத்தை வெளியே விடுகின்றன, அது ரத்தக்குழாயை ஒழுக வைக்கிறது. அவர்கள் வைத்த பெயரும் அந்த அர்த்தத்தில்தான்.

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. கல்லீரல் நோயாளிகளுக்கு வருகிற மகோதரம், அதாவது வயிறு வீங்கி நீர் கோப்பது, பெரும்பாலும் சிரோசிஸால் கல்லீரலுக்குள் ரத்த அழுத்தம் ஏறுவதால் வருகிறது. அதற்கு இந்தப் புரதம்தான் காரணம்னு நான் சொல்லலை.

1989-ல் ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரி சுரப்பி செல்களிலிருந்து ரத்தக்குழாயை வளர வைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு விஇஜிஎஃப் என்று பெயர். அதே ஆண்டு இரண்டு புரதங்களின் வரிசையையும் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது: ரெண்டும் ஒண்ணு. ஒழுக வைப்பதும் அதுதான், வளர வைப்பதும் அதுதான். ஒரே ஃபங்ஷனை ரெண்டு டீம் ரெண்டு பேரில் எழுதி வைத்திருந்த மாதிரி.

இதை அடைக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஃபோக்மேன் சொன்னது வெறும் கற்பனை இல்லை என்பது உறுதியாயிற்று.

கல்லீரல் ஏன் தனி ரகம்

மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் வருவது தமனி வழியாக. கல்லீரலுக்கு ரெண்டு லைன். குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை சுமார் 75 சதவீதம் ரத்தத்தைக் கொண்டுவருகிறது. மீதி 25 சதவீதம் தமனி வழியாக. ஆனால் கல்லீரலில் வளர்கிற புற்றுநோய்க் கட்டி கிட்டத்தட்ட முழுக்கத் தமனி ரத்தத்தையே குடிக்கிறது. 1950களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

இதனால்தான் சிடி ஸ்கேனில் மருந்து ஏற்றிப் படம் எடுக்கும்போது, தமனி ரத்தம் வரும் நொடிகளில் கட்டி பளிச்சென்று தெரியும். கொஞ்ச நேரத்தில் சுற்றியுள்ள கல்லீரல் வெளிச்சமாகும், கட்டி மங்கிப்போகும். சிரோசிஸ் இருப்பவருக்கு இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் பல நேரம் பயாப்சி இல்லாமலேயே கல்லீரல் புற்றுநோய் என்று முடிவு செய்துவிடலாம். நோயாளிக்கு ஊசி மிச்சம். ஆனால் ஆராய்ச்சிக்குத் திசு கிடைக்காது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில் வரும்.

இன்னொரு வித்தியாசம் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். நல்ல கல்லீரலின் நுண்குழாய்கள் சல்லடை மாதிரி ஓட்டை உள்ளவை. சிடி34 என்ற புரதம் அவற்றின் சுவரில் பெரும்பாலும் இருக்காது. புற்றுநோய் வந்த இடத்தில் அந்த ஓட்டைகள் அடைபட்டு, குழாய் சாதாரணத் தந்துகி போல மாறும். அப்போது சிடி34 தென்படும். அதைச் சாயமேற்றிப் பார்த்தால் கட்டிப் பகுதி முழுக்கப் பழுப்புக் கோடுகளாகத் தெரியும்.

எண்ண ஆரம்பித்தார்கள்

1991-ல் நோயல் வைட்னர், ஃபோக்மேனோடு சேர்ந்து, மார்பகப் புற்றுநோய்த் திசுவில் ரத்தக்குழாய்களை எண்ணினார். குழாய் அதிகமிருந்த கட்டிகள்தான் அதிகம் பரவியிருந்தன. உடனே எல்லா உறுப்பிலும் இந்த எண்ணிக்கை தொடங்கியது. கல்லீரலிலும்தான். ஆனால் ஒருவர் சிடி34 வைத்து எண்ணினார், இன்னொருவர் வேறு புரதம் வைத்து எண்ணினார். எந்த மூலையைப் பார்ப்பது, எத்தனை இடம் பார்ப்பது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

அப்போ நேரா ரத்தத்திலேயே அளந்துடலாமே? 2001-ல் ஹாங்காங்கில் ரோனி பூன் குழுவினர் அறுவை சிகிச்சைக்கு முன்னால் விஇஜிஎஃப்-ஐ அளந்தார்கள். அளவு அதிகம் இருந்தவர்களுக்குக் கட்டி ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது.

இதிலும் ஒரு சிக்கல். பிளேட்லெட்டுகள் விஇஜிஎஃப்-ஐத் தங்களுக்குள் மூட்டை கட்டி வைத்திருக்கும். லேபில் சிவப்பு மூடி டியூபில் எடுத்த ரத்தம் உறையும். உறையும்போது பிளேட்லெட் மூட்டையை அவிழ்க்கும். அப்போ நீங்க அளப்பது உடம்பில் ஓடிய அளவா, டியூபில் வெளிவந்த அளவா? சிரோசிஸ் நோயாளிகளுக்கு மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட் வேற குறைஞ்சிருக்கும். உறையாத ஊதா மூடி டியூபில் பிளாஸ்மாவாக எடுத்தால் வேறு எண் வரும். அளக்கிற செயலே எண்ணை மாற்றிவிடுகிறது. சர்வரில் லாக் எழுதுற வேலையே சர்வரை மெதுவாக்குற கதையை என்னை மாதிரி ஆட்கள் பார்த்திருப்போம்.

2008-ம் 2012-ம்

2008 வரை, முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு ஆயுளை நீட்டிக்கிறது என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. அந்த ஆண்டு ஷார்ப் என்ற ஆய்வின் முடிவு வெளிவந்தது. 602 நோயாளிகள். பாதிப் பேருக்கு சோராஃபெனிப், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. சோராஃபெனிப் விஇஜிஎஃப்-இன் தகவலை வாங்கும் ஏற்பியை அடைக்கும், வேறு சில வேலைகளும் செய்யும். நடுமதிப்பு ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக ஏறியது. கட்டி சொல்லும்படி சுருங்கியது 2 சதவீதம் பேருக்குத்தான்.

மூணு மாசத்துக்கும் குறைவு. நம்ம ஊரில் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் ரூபாயையும் வைக்கணும். 2012 வாக்கில் இந்தியாவில் இந்த மருந்தின் விலை மாதத்துக்குச் சுமார் 2.8 லட்சமாக இருந்தது. 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் இதற்குத்தான் கொடுக்கப்பட்டது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் 8,800 ரூபாய்க்கு விற்கலாம் என்று ஆனது. மேல்முறையீடு வந்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு. 2013-ல் அவர்களும் அந்த உரிமத்தை உறுதி செய்தார்கள்.

2.8 லட்சம் ரூபாய் மருந்து, சராசரியாகச் சில வாரங்கள். இந்த நிலைமையில் ஒரு குடும்பத்துக்கு எந்தத் தகவல் வேணும்? 'எங்க அப்பாவுக்கு இது கேட்குமா, கேட்காதா?' அதுதான். ஒரு ரத்தப் பரிசோதனை இதைச் சொல்லிவிட்டால் நிலத்தை விற்பதா வேண்டாமா என்பதே மாறும்.

ஷார்ப் ஆய்வின் நோயாளிகளிடம் சிகிச்சைக்கு முன்பே ரத்தம் எடுத்து வைத்திருந்தார்கள். ஜோசப் யோவெட் குழுவினர் 491 பேரின் பிளாஸ்மாவில் பத்துப் புரதங்களை அளந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் விஇஜிஎஃப் இருந்தது. ஆஞ்சியோபொய்ட்டின்-2 என்ற இன்னொரு புரதமும் இருந்தது. இருக்கிற ரத்தக்குழாயின் பிடியைத் தளர்த்தி, புதுசு முளைக்க இடம் கொடுப்பது அதன் வேலை.

முடிவு ரெண்டு வரி. முதல் வரி: இந்த ரெண்டு புரதமும் அதிகம் இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் அப்படித்தான். இரண்டாவது வரி: சோராஃபெனிப் யாருக்குக் கேட்கும் என்பதைப் பத்தில் ஒன்றுகூட நம்பும்படி சொல்லவில்லை.

இது எப்படி சாத்தியம்னு தோணும். ஸ்கூலை நினைச்சுப் பாருங்க. அரையாண்டில் மார்க் குறைவாக எடுத்தவர் பொதுத்தேர்விலும் குறைவாக எடுப்பார் என்று ஓரளவு சொல்லிடலாம். அது நோய்ப் போக்குக் கணிப்பு மாதிரி. ஆனா டியூஷன் வச்சா யாருக்கு மார்க் அதிகம் ஏறும்? முதல் பெஞ்சுக்கா, கடைசி பெஞ்சுக்கா? அரையாண்டு மார்க் இதைச் சொல்லாது. ரெண்டு பேருக்குமே பத்துப் பத்து மார்க் ஏறலாம்.

இதைவிட ஆபத்தான தப்பு ஒண்ணு உண்டு. மருந்து சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், புரதம் அதிகமிருந்தவர் சீக்கிரம் இறந்திருப்பார். உடனே 'அவருக்கு மருந்து கேட்கலை' என்று எழுதிவிடுவோம். போலி மாத்திரைக் குழுவையும் பக்கத்தில் வைத்தால்தான், மருந்து இல்லாமல் அவர் இன்னும் முன்னாடியே போயிருக்கலாம் என்று தெரியும். ஒப்பிட ஆள் இல்லாத ஆய்வை வைத்து ஒருத்தருக்கு மருந்தை மறுத்திருந்தால், அது எவ்வளவு பெரிய அநியாயம்!

ரத்தக்குழாய் மருந்துக்கு வழிகாட்டிய பழைய புரதம்

அடுத்த திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ராமுசிருமாப் என்பது விஇஜிஎஃப்-இன் ஏற்பியை அடைக்கும் ஊசி மருந்து. 2015-ல் வெளியான ரீச் ஆய்வில், சோராஃபெனிப்புக்குப் பிறகு 565 பேரிடம் சோதித்தார்கள். 9.2 மாதம் எதிர் 7.6 மாதம். அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட இருக்கலாம் என்று கணக்கு சொன்னது. ஆய்வு தோல்வி.

ஆனால் உள்ளே ஒரு குழுவில் மட்டும் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஏஎஃப்பி அளவு 400-க்கு மேல் இருந்தவர்கள். ஏஎஃப்பி ரத்தக்குழாய்ப் புரதமே இல்லை. கருவின் கல்லீரல் சுரக்கும் புரதம், பிறந்த பிறகு அடங்கிவிடும். 1963-ல் சோவியத் ஒன்றியத்தில் அபெலெவ் எலியின் கல்லீரல் கட்டியில் பார்த்தார், அடுத்த ஆண்டு டட்டாரினோவ் மனித நோயாளிகளிடம் பார்த்தார். நம்ம ஊர் லேப்களில் சாதாரணமாக எடுக்கிற டெஸ்ட்.

தோற்ற ஆய்வுக்குள்ளே தேடினால் ஏதாவது ஒரு குழுவில் பலன் தெரியத்தான் செய்யும். டேட்டாவைப் போதுமான அளவு கூறு போட்டால் எதையும் நிரூபிக்கலாம். அதனால் அதை நம்பி மருந்து எழுதாமல், ஏஎஃப்பி 400-ஐ எட்டியவர்களை மட்டும் சேர்த்துப் புதுசாக இன்னொரு ஆய்வு நடத்தினார்கள். ரீச்-2, 292 பேர், முடிவு 2019-ல். 8.5 மாதம் எதிர் 7.3 மாதம். சின்ன வித்தியாசம்தான், ஆனால் இந்த முறை தற்செயல் இல்லை. ஒரு அடையாளப் புரதத்தை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்து ஜெயித்த முதல் பெரிய கல்லீரல் புற்றுநோய் ஆய்வு அது.

ரத்தக்குழாய் மருந்துக்கு வழிகாட்டியது ரத்தக்குழாய்ப் புரதம் இல்லை, 1960களின் பழைய புரதம்!

2020-ல் பெவாசிசுமாப் கல்லீரலுக்கும் வந்தது, அட்டிசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தோடு கைகோத்து. விஇஜிஎஃப் நோயெதிர்ப்பு செல்களையும் மந்தமாக்கும் என்பதால் இந்த ஜோடி. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 67.2 சதவீதம், சோராஃபெனிப் குழுவில் 54.6 சதவீதம். இந்த ஜோடியை ஆரம்பிப்பதற்கு முன்னால் எண்டோஸ்கோபி பார்ப்பது அதன் ரத்தத்தில் விஇஜிஎஃப் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இல்லை. சிரோசிஸ் நோயாளியின் உணவுக்குழாயில் வீங்கிய சிரைகள் இருந்தால், பெவாசிசுமாபால் ரத்தக்கசிவு வரலாம். அதற்காகத்தான்.

எவ்வளவு என்பதிலிருந்து எப்படி என்பதற்கு

கடைசியா, எனக்கு நம்பிக்கை தர்ற ஒரு விஷயம். 2015-ல் சீனாவின் குவாங்சோவில் ஒரு குழு சிடி34 சாயத்தை மறுபடி எடுத்தது. இந்த முறை குழாய்களை எண்ணவில்லை, அவற்றின் உருவத்தைப் பார்த்தார்கள். சில கட்டிகளில் ரத்தக்குழாய்ச் சுவர், செல் கொத்துகளை வலை போட்ட மாதிரி முழுசாகச் சுற்றியிருந்தது. அந்தக் கொத்து உறையோடு அப்படியே ரத்தத்தில் விழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. இந்த உருவம் இருந்தவர்களுக்கு நோய்ப் போக்கு மோசம். இந்த உறை உருவாக எந்தப் புரதம் தேவைப்பட்டது தெரியுமா? ஆஞ்சியோபொய்ட்டின்-2. 2012-ல் ரத்தத்தில் வெறும் எண்ணாகத் தெரிந்ததுக்கு, திசுவில் ஒரு காரணம் கிடைத்த மாதிரி.

2019-ல் வந்த ஆய்வில் இந்த உருவம் இருந்தவர்களுக்கு சோராஃபெனிப் பலன் கொடுத்ததாகவும், இல்லாதவர்களுக்குக் கொடுக்கவில்லை என்றும் தெரிந்தது. ஆனால் அது பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. ரீச்-2 மாதிரி முன்னோக்கிச் சோதித்தது இல்லை. அதோடு இதைப் பார்க்கத் திசு வேணும். பலருக்கு சிடி ஸ்கேனோடு நோயறிதல் முடிஞ்சிடுது, பயாப்சி எடுக்கிறதே இல்லைன்னு முன்னாடி சொன்னேன் இல்லையா, அது இங்கேதான் வந்து தட்டுது.

இன்னைக்கு நிலவரம் இதுதான். விஇஜிஎஃப், ஆஞ்சியோபொய்ட்டின்-2 ரெண்டும் நோய்ப் போக்கைப் பற்றிச் சொல்லும். அவற்றை அளந்து மருந்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான சிகிச்சையில் இல்லை. ஏஎஃப்பி மட்டும், ஒரே ஒரு மருந்துக்கு, அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த நோயோடு போராடிக்கொண்டிருக்கலாம். ரிப்போர்ட்டில் ஒரு எண் சிவப்பாக வந்தால், பின்னிரவில் போனில் அதைத் தேடிப் பார்த்து, 'இது அதிகமிருந்தால் ஆயுள் குறைவு' என்ற வரியில் மனசு உடைந்து நிற்பது நடக்கும். அந்த வரி ஒரு பெரிய கூட்டத்தின் கணக்கு. அது பொய்யில்லை, ஆனா மருந்து கேட்காதுன்னு அதுக்கு அர்த்தமும் இல்லை. காலையில் டாக்டரிடம் ரெண்டு கேள்வியா கேளுங்க. 'இந்த எண் நோய் எப்படிப் போகும்னு சொல்லுதா? இல்லை, என்ன மருந்து கொடுக்கணும்னு சொல்லுதா?' முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்த எண்ணை வைத்து மருந்தை நிறுத்தவும் வேண்டாம், அதை அளப்பதற்காகவே இன்னொரு டெஸ்டுக்குக் காசு கட்டவும் வேண்டாம்.